மணி ஒலித்ததும் கரண்டி நின்றது

சிங்கப்பூர், ஈசூன் குடும்பக் குழு, ஞாயிறு இரவு

சித்தி: அக்கா, நேற்றைய பௌத்த தியானப் பயிற்சி எப்படி இருந்தது? முழங்கால் வலியோடு நாள் முழுவதும் தரையில் உட்கார முடிந்ததா?

பெரியம்மா: தரையில்தான் உட்கார வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பின்வரிசையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தோம். அசையாமல் அமர்ந்தது அரை மணி நேரம்தான். மீதிப் பொழுது நடந்தும், சாப்பிட்டும், மதியம் பாயில் படுத்தும் கழிந்தது.

நான்: காசு கட்டித் தூங்கிவிட்டு வந்தீர்களா, பெரியம்மா?

பெரியம்மா: ஆமாம், நான் குறட்டை விட்டதாகப் பக்கத்துப் பாயிலிருந்த சீனப் பெண்மணி சொன்னார். உடலை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்தும் பயிற்சி அது. தூக்கம் வந்தால் தூங்கலாம் என்று பிக்குணி முதலிலேயே சொல்லிவிட்டார்.

சித்தப்பா: பயிற்சியை நடத்தியவர்கள் எந்த மரபினர், அண்ணி? செயின்ட் மைக்கேல்ஸ் சாலை இலங்கைக் கோயில் பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லையே?

பெரியம்மா: இவர்கள் வேறு மரபினர், தம்பி, பழுப்பு அங்கி அணிந்தவர்கள், மாலையிலும் உண்பவர்கள். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தைச் சேர்ந்தவர்கள். வியட்நாம் போரை நிறுத்தும்படி கேட்க 1966இல் வெளிநாடு சென்றவரைத் தாய்நாட்டுக்குள் விடாமல் வைத்திருந்து, 2005இல்தான் வர அனுமதித்தார்கள். 2022இல், தாம் துறவு பூண்ட ஹுவே நகரக் கோயிலிலேயே காலமானார்.

நான்: எது கடினமாக இருந்தது?

பெரியம்மா: சாப்பாடு. பாலும் முட்டையும் சேராத சைவ உணவு. முதல் 20 நிமிடம் யாரும் பேசக்கூடாது. இடையில் மணி ஒலித்தால் கரண்டியைக் கீழே வைத்து மூன்று முறை மூச்சைக் கவனிக்க வேண்டும். முதல் மணியின்போது என் வாயில் ஒரு கவளம், கரண்டியில் அடுத்தது, கண் மட்டும் தோஃபுவின் மேல்! உங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியே விழுங்கிப் பழகியவளுக்கு, வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. வெண்டைக்காயில் உப்புக் குறைவு என்பதும் நன்றாகவே தெரிந்தது.

சித்தப்பா: மதம் மாறச் சொன்னார்களா?

பெரியம்மா: இல்லை. சொந்த மரபின் வேரை விட்டுவிடக்கூடாது என்பது அவர்களுடைய ஆசிரியரே வலியுறுத்தியது. வட்டமாக அமர்ந்து பகிர்ந்துகொள்ளும் நேரத்தில், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றேன், எல்லோரும் கைகூப்பினார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ அங்கே கிடையாது. நம் குழுவுக்கு அது ஒத்துவராது.

நான்: குறையே இல்லையா?

பெரியம்மா: நடைத் தியானத்தைப் பத்து மணி வெயிலில் வைத்திருக்க வேண்டாம். மூச்சுக்கு இரண்டு அடி என்று நடக்கச் சொன்னார்கள். எனக்கோ கூரையுள்ள நடைபாதை எங்கே என்பதிலேயே மனம் நின்றது.

சித்தி: அடுத்த முறை நானும் வருகிறேன், அக்கா.

பெரியம்மா: அறிவிப்பு வந்ததும் சொல்கிறேன். பாய், தண்ணீர்ப் புட்டி, சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். குளிர்சாதனம் கடுமையாக இருந்தது, சால்வையும் எடுத்துக்கொள்.

சித்தி: இரண்டாக எடுத்து வைக்கிறேன். உங்களுடையது தீபாவளியிலிருந்து எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது.