33 அங்குலத் தூங்குமூஞ்சி அடிமரம்: சாமில்லில் (மரம் அறுக்கும் ஆலையில்) அறுத்து விறகாக்க முடியுமா?

கோயில் மடப்பள்ளி, புக்கிட் மெர்தாஜாம், மலேசியா
வணக்கம். எங்கள் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமை அன்னதானம் இன்றைக்கும் விறகு அடுப்பில்தான். போன வாரக் காற்றில் பின்பக்கத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டது. கிளைகளை வெட்டி அடுக்கிவிட்டோம். அடிமரம் அப்படியே கிடக்கிறது: 7 அடி நீளம், குறுக்கே 33 அங்குலம். எங்கள் செயின்சாவில் செயின் ஓடும் பார் 18 அங்குலம்தான். இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்து ஒரே ஒரு வட்டத் துண்டு எடுத்தோம். அதையும் பிளக்க முடியவில்லை, நார் பின்னிக்கொண்டு ஆப்பையே கவ்விக்கொள்கிறது. ஒரு சாமில்லில் கேட்டேன். கோயில் மரம் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. வேறு சாமில் பார்க்கலாமா? இந்தப் புரட்டாசிக்குள் எரிக்க வேண்டும், இரண்டு மாதம்தான் இருக்கிறது.

சாமில் வேலை 22 வருடம்
தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். அவர்கள் பயந்தது ஆணிக்குத்தான். தோரணம் கட்ட, விளக்கு ஒயர் இழுக்க, வருஷா வருஷம் அடித்திருப்பீர்கள். அதுவும் ஆள் உயரத்துக்குள், அதாவது இந்த 7 அடியில்தான். மரம் பருக்கப் பருக்க ஆணி உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. சாமில்லில் வளையமாகச் சுற்றி ஓடும் பட்டை ரம்பம் ஒரு ஆணியில் பட்டால் பல் மொத்தமும் போச்சு. சில நேரம் ரம்பமே அறுந்து தெறிக்கும். நீங்கள் எடுத்த துண்டின் முகத்தைப் பாருங்கள், கருநீலக் கறை இருந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது.

சுத்தமான மரமாக இருந்தால் சாமில் நல்ல வழிதான். பலகையாகப் போடச் சொல்லக்கூடாது. 5 அங்குலத் தடிமனில் நீளக் கட்டைகளாக அறுத்து, கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கட்டி இறுக்கி, கட்டோடு ஒன்றரை அடிக்கு ஒரு அறுப்பு. ஒரே இழுப்பில் ஆறேழு விறகு விழும். ஆனால் உங்கள் கட்டை ஒரு டன்னுக்குக் குறையாது. ஒரே ஒரு கட்டைக்காக லோரியும் தூக்கு கூலியும் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாலிக் புலாவ் டுரியான் தோட்டம்
அண்ணன் சொல்வது சரி. செயின்சாவே போதும். வட்டத் துண்டை அறுத்த முகம் மேலே இருக்கிற மாதிரி வைத்து மேலிருந்து அறுக்காதீர்கள். மாவு மாதிரித் தூள்தான் வரும், செயின் மழுங்கிவிடும். சக்கரம் நிற்பதுபோல் நிறுத்தி, இரண்டு பக்கமும் கல் வைத்து, பார் நாரோடு போகிற மாதிரி இறக்குங்கள். இடியாப்பம் மாதிரி நீள நீளச் சுருளாக வரும். அந்தச் சுருள் செயின் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும், நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும். முக்கால் பங்கு இறங்கியதும் ஆப்பு வைத்து அடித்தால், பின்னிய நாரும் விட்டுக்கொடுக்கும். ஆணி பட்டாலும் செயினோடு போகும், ஆனாலும் முகக் கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

அடுப்படி அக்கா, நிபோங் திபால்
தம்பி, பச்சை மரத்தை இந்தப் புரட்டாசிக்கு வைக்காதீங்க. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரணும். இல்லாவிட்டால் சாம்பாருக்குப் புகைதான் மிச்சம். தகரக் கூரைக்கு அடியில், தரையில் படாமல், காற்று போக அடுக்கி, தைப்பூசத்துக்கு எடுங்க. இப்போதைக்கு சாமில்லில் ரப்பர் மரத்தின் புறப்பலகை, அதாவது பட்டையோடு முதலில் அறுத்துக் கழிக்கும் பலகை, வாங்குங்க. மேசை நாற்காலி செய்யும் ஆலையின் கழிவுத் துண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். ரப்பர் பலகையை அறுத்த பிறகு பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊற வைப்பார்கள். சாமிக்குப் படைக்கிற சோற்றில் அந்தப் புகை ஏறலாமா?

கோயில் மடப்பள்ளி
எல்லாருக்கும் நன்றி. துண்டின் முகத்தில் மூன்று இடத்தில் கருநீலக் கறை. சாமில்காரரிடம் போய்ச் சொன்னேன், அவரே ஒரு லோரி ரப்பர் புறப்பலகை தருவதாகச் சொல்லிவிட்டார். நேற்று டுரியான் தோட்டத்து அக்கா சொன்ன முறையில் முதல் துண்டு எட்டாகப் பிளந்தது. இன்னும் நாலு துண்டு வரும்.

பாலிக் புலாவ் டுரியான் தோட்டம்
நான் அண்ணன்தான் தம்பி! அடுத்த துண்டுக்கு முன்னால் செயினுக்கு அரம் போட்டுக்கொள்ளுங்கள்.