வினாத்தாளில் 'விதி' என்ற சொல்லை நீக்கலாமா?

டர்பன் மாணவி:
எங்கள் ஊர்த் தமிழ் முதியவர்களிடம் சுதந்திர விருப்பம், அதாவது நம் செயலை நாமே தேர்ந்தெடுக்கும் ஆற்றல், பற்றி ஓர் ஆய்வு நடத்த விரும்பி, மெய்யியலாளர்கள் நிக்கல்ஸும் நோபும் 2007இல் வெளியிட்ட ஆய்வின் கதைகளைத் தமிழாக்கி வருகிறேன். ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதற்கு முன் நடந்தவற்றால் முழுவதும் தீர்மானிக்கப்படும் உலகில் மனிதர் தம் செயலுக்கு முழுப் பொறுப்பாக முடியுமா என்று பொதுவாகக் கேட்டபோது 86 விழுக்காட்டினர் முடியாது என்றனர். அதே உலகில் ஒருவன் தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் வீட்டோடு எரித்துக் கொன்றான் என்று சொல்லிக் கேட்டபோது 72 விழுக்காட்டினர் அவனே முழுப் பொறுப்பு என்றனர். 'இயற்கை விதிகளின்படி' என்ற என் வரியை வாசித்துக் காட்டியதும் என் ஆயா, "தலைவிதியைத்தானே சொல்கிறாய்?" என்றார். இந்த ஒரு சொல் ஆய்வைக் கெடுத்துவிடுமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:
கெடுத்துவிடும், அம்மா. தலைவிதி என்றால் நாம் எதை எண்ணினாலும் நடப்பது நடந்தே தீரும். எல்லாம் முன்நடந்தவற்றால் தீர்மானிக்கப்படுகிறது என்னும் நியதிவாதமோ, நம் எண்ணமும் முயற்சியும் காரணத் தொடரின் கண்ணிகளே, அவற்றின் வழியாகவே செயல் நடக்கிறது என்கிறது. ஆய்வாளர்கள் நஹ்மியாஸும் மரேயும் 2010இல் இந்தக் குழப்பத்தையே ஆராய்ந்தார்கள். நியதி நிலவும் உலகில் சுதந்திரமோ பொறுப்போ இல்லை என்றவர்களுள் பெரும்பாலோர், அங்கே ஒருவரின் முடிவு அவர் செய்வதைப் பாதிப்பதே இல்லை என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே கதை முடிந்ததும், "இந்த உலகில் ஒருவர் எடுக்கும் முடிவு அவர் செய்வதைப் பாதிக்குமா?" என்று தனியே கேளுங்கள். 'விதி'யை நீக்கிவிட்டுக் 'காரணம்' என்றே எழுதுங்கள்.

சட்ஸ்வர்த் வாசகர்:
ஆசிரியர் சொன்ன சோதனைக் கேள்வி அவசியம்தான். சொல்லை நீக்குவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. தென்னாப்பிரிக்காவில் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்து இங்கே குடியேற்றப்பட்ட என் தாத்தா அதைத் தலைவிதி என்றே சொல்வார். அதைச் செய்தவர்களை மன்னித்ததே இல்லை. விதி என்றவர் பொறுப்பை விட்டுவிட்டார் என்று எப்படிக் கொள்வது? பங்கேற்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 'விதி' என்றும் மறுபாதியினருக்குக் 'காரணம்' என்றும் கதையைக் கொடுத்தால், அந்தச் சொல் செய்யும் வேலையையே அளந்துவிடலாம்.

டர்பன் மாணவி:
இரண்டு வடிவங்களையும் எழுதத் தொடங்கிவிட்டேன், ஐயா. முதியவர்களுள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. நான் நேரில் வாசித்தால் என் குரலே விடையை இழுத்துவிடக்கூடும் என்பதால், இரண்டையும் ஒருவரின் குரலிலேயே பதிவுசெய்து கேட்கவைக்கப் போகிறேன்.