ஹெவி டியூட்டி பிக்கப் விலை பேசிய அனுபவங்கள்: எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500

மிட்வெஸ்ட் டீசல்

அமெரிக்காவில் புது முக்கால் டன் (250, 2500), ஒரு டன் (350, 3500) டிரக் வாங்கப் போனா டீலர் மேஜையில என்ன நடக்குது, காசு எங்க கழலுது, எங்க மிஞ்சுதுன்னு இங்க எழுதுங்க. கதை வேண்டாம், எண்ணோட எழுதுங்க. முதல்ல நான்.

ஸ்டிக்கர்ல இருக்கிற எம்எஸ்ஆர்பியை (கம்பெனி சிபாரிசு பண்ற விலை) காட்டி "எவ்வளவு குறைப்பீங்க"ன்னு கேட்டா அங்கேயே தோத்தாச்சு. பேச்சு இன்வாய்ஸ் விலையிலிருந்து, அதாவது கம்பெனி டீலருக்குப் போடுற பில் விலையிலிருந்து தொடங்கணும். இன்வாய்ஸும் டீலரோட உண்மையான அடக்கவிலை இல்லை. வண்டி வித்ததும் கம்பெனி திருப்பித் தர்ற ஹோல்ட்பேக்னு ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் எம்எஸ்ஆர்பியில 2 முதல் 3 சதவீதம். 80,000 டாலர் டிரக்ல 3 சதவீதம்னா 2,400. "இன்வாய்ஸுக்குக் கீழ போனா கையைக் கடிக்கும்"னு சேல்ஸ்மேன் சொல்றதுல பாதிதான் நிஜம். டெஸ்டினேஷன் சார்ஜ் (ஃபேக்டரியிலிருந்து டீலருக்குக் கொண்டுவர்ற கட்டணம்) மட்டும் ஒரு மாடலுக்கு எந்த டீலர்கிட்டயும் ஒரே தொகைதான், அதுல மல்லுக்கட்டாதீங்க.

அடுத்தது ரிபேட். விளம்பரத்துல "7,000 டாலர் தள்ளுபடி"ன்னு போட்டிருப்பாங்க. பிரிச்சுப் பார்த்தா 4,000 கம்பெனி ரிபேட்டா இருக்கும், டீலர் விட்டுக்கொடுத்தது 3,000தான். சில விளம்பரத்துல ராணுவத்தினர், புதுப் பட்டதாரி, ஏற்கெனவே அதே கம்பெனி வண்டி வச்சிருக்கிறவர்னு ஒரே ஆளுக்குக் கிடைக்கவே முடியாத சலுகையை எல்லாம் ஒண்ணாக் கூட்டியிருப்பாங்க. அதனால ஒரே கேள்வி: "ரிபேட்டுக்கு முந்தைய செல்லிங் பிரைஸ் எவ்வளவு?" ரிபேட் கம்பெனி தர்றது, எந்த டீலர்கிட்டப் போனாலும் வரும். டீலரை டீலரோட ஒப்பிட இந்த ஒரு எண் போதும்.

நடைமுறை: நேர்ல போறதுக்கு முன்னாடி எட்டு, பத்து டீலரோட இன்டர்நெட் சேல்ஸ் மேனேஜருக்கு ஒரே மெயில். கேப், பெட் (பின்தொட்டி) நீளம், இன்ஜின், ஆக்சில் ரேஷியோ, டிரிம் எல்லாம் எழுதி, லாட்ல (டீலர் முற்றத்துல) இருக்கிற வண்டின்னா வின் நம்பரும் (வண்டியோட அடையாள எண்) போட்டு, "அவுட் தி டோர்" விலையை (எல்லாம் சேர்த்துக் கடைசியாக் கட்டுறது) வரி வரியா கேளுங்க: செல்லிங் பிரைஸ், ரிபேட், டாக் ஃபீ (தாள் வேலைக்கு டீலர் வாங்குற கட்டணம்), வரி, ரிஜிஸ்ட்ரேஷன், டீலர் போட்ட ஆட்-ஆன். "நேர்ல வாங்க, பேசிக்கலாம்"னு மட்டும் பதில் வந்தா அந்தப் பெயரை அடிச்சுடுங்க. எழுத்துல வந்த குறைஞ்ச கொட்டேஷனை வச்சு பக்கத்து டீலர்கிட்ட ஒரே ஒரு தடவை கேளுங்க. அதுக்கு மேல ஏலம் விட்டா ரெண்டு பக்கமும் பதில் நின்னுடும்.

கூஸ்நெக்

விலைக்கு முன்னாடி ஸ்பெக். தப்பான டிரக்கை மலிவா வாங்கிறதுதான் பெரிய நஷ்டம், சேல்ஸ்மேன் லாட்ல நிக்கிறதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்.

14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (டிரக் பெட்டுக்குள்ளேயே மாட்டுறது)னு வச்சுக்கோங்க. அதோட பின் வெயிட் (pin weight, மாட்டுற இடத்துல இறங்குற எடை) 20 முதல் 25 சதவீதம், அதாவது 2,800 முதல் 3,500 பவுண்டு டிரக் மேலயே உக்காரும். 10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் (சுமையோட சேர்த்து வண்டிக்கு அனுமதிச்ச உச்ச எடை) உள்ள முக்கால் டன் டீசல், க்ரூ கேப், 4x4 எடுத்தா வண்டி எடையே 7,500-ஐத் தாண்டிடும். மீதி 2,500 கூட இல்லை. அதுல ஹிட்ச், ஆளுங்க, சாமான் எல்லாம் வரணும். "20,000 பவுண்டு இழுக்கும் சார்"னு பிரோஷரைக் காட்டுவாங்க. இழுக்கும், ஆனா பின் ஆக்சில் தாங்கணுமே. டிரைவர் கதவுத் தூண்ல மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், அந்த வண்டிக்கான பேலோட் (ஏத்தக்கூடிய சுமை) அதுலதான். மெயில்லயே அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

எஃப்-250-க்கும் பின்னாடி ஒத்தைச் சக்கர எஃப்-350-க்கும் விலை வித்தியாசம், டீசல் ஆப்ஷனுக்குத் தர்ற சுமார் 10,000 டாலரோட ஒப்பிட்டா சொற்பம். ஃபிஃப்த் வீல் ப்ரெப் பேக்கேஜை ஃபேக்டரியிலேயே போட்டு வாங்குங்க. பிறகு பெட்டைத் துளைச்சுப் போட்டா கூலியும் சேர்ந்து பல மடங்கு ஆகும். ஸ்ப்ரே-இன் பெட்லைனரும் அப்படித்தான்.

புது மெம்பர்

மாசக் கடைசியில போனா குறைப்பாங்கன்னு சொல்றாங்களே, நிஜமாங்க?

மிட்வெஸ்ட் டீசல்

ஓரளவுதான். டீலருக்கு மாச டார்கெட் போனஸ் இருந்து, இன்னும் ரெண்டு வண்டி குறையுதுன்னா உங்களுக்கு லாபம். டார்கெட் ஏற்கெனவே முடிஞ்சிருந்தா ஒண்ணும் நடக்காது, அது வெளியில இருக்கிற நமக்குத் தெரியவும் தெரியாது. அதைவிட வண்டியோட வயசைப் பாருங்க. கதவு ஸ்டிக்கர்ல தயாரான மாசமும் வருஷமும் இருக்கும். டீலர் ஒவ்வொரு வண்டிக்கும் கடன்ல வட்டி கட்டிட்டு இருக்கார். தயாராகி ஆறு மாசம் ஆகி, புது மாடல் வருஷமும் லாட்ல இறங்கிடுச்சுன்னா எந்தத் தேதியில போனாலும் குறையும். விக்காம நிக்கிறது பெரும்பாலும் வினோதமான காம்பினேஷன்தான்: ரெகுலர் கேப்ல விலையுயர்ந்த டிரிம், டீசல் ஆனா ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இல்லாததுன்னு. உங்க வேலைக்கு அது ஒத்து வந்தா யோகம்.

கணக்குப்புள்ள

விலையில ஜெயிச்சதை ஃபைனான்ஸ் ரூம்ல விடுறதுதான் அதிகம் நடக்குது.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" இதுக்குப் பதிலே சொல்லாதீங்க. சொன்னா 84 மாசம் ஆக்கி அந்த எண்ணுக்குள்ள எதை வேணும்னாலும் அடைச்சிடலாம். பேங்க் டீலருக்குத் தர்ற வட்டி ஒண்ணு, டீலர் அதுமேல ஏத்தி உங்களுக்குச் சொல்றது இன்னொண்ணு. 75,000 டாலர் கடன், 72 மாசம்: 6 சதவீதத்துல மாசம் 1,243 டாலர், 8 சதவீதத்துல 1,315. மாசத்துக்கு 72 டாலர்தானேன்னு தோணும், மொத்தமா 5,200 கிட்ட போகுது. கிரெடிட் யூனியன்ல (உறுப்பினர்களோட கூட்டுறவு வங்கி) முன்கூட்டியே அப்ரூவல் வாங்கிட்டுப் போங்க. 14 நாளுக்குள்ள எத்தனை இடத்துல வாகனக் கடன் கேட்டாலும் ஃபைகோ கிரெடிட் ஸ்கோர் அதை ஒரே விசாரணையாத்தான் எடுத்துக்கும்.

கம்பெனியோட சொந்த ஃபைனான்ஸ்ல எடுத்தாத்தான் ஒரு ரிபேட்டுன்னா எடுத்துக்கோங்க. முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லைன்னு ஒப்பந்தத்துல பார்த்துட்டு, பிறகு கிரெடிட் யூனியனுக்கு மாத்திக்கலாம்.

டாக் ஃபீ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் உச்சவரம்பு 85 டாலர். ஃபுளோரிடாவில் வரம்பே இல்லை, ஆயிரம் டாலர் சர்வ சாதாரணம். "எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கணும், குறைக்க முடியாது"ன்னு சொன்னா சண்டை வேண்டாம், அதே தொகையை செல்லிங் பிரைஸ்ல கழிக்கச் சொல்லுங்க.

பழைய வண்டியை ட்ரேட்-இன் (அதே டீலர்கிட்டக் குடுத்து விலையில கழிக்கிறது) பண்றதை, புது வண்டி விலை எழுத்துல வந்த பிறகுதான் வாயைத் திறந்து சொல்லணும். அதுக்கு முன்னாடி கார்மேக்ஸ்ல (பழைய வண்டி வாங்குற கம்பெனி) ஒரு ஆஃபர் வாங்கிக்கோங்க, 7 நாள் செல்லும். வரியையும் கணக்குல எடுங்க. டெக்ஸஸ்ல 6.25 சதவீத வரி, ட்ரேட்-இன் மதிப்பைக் கழிச்ச மீதிக்குத்தான். 30,000 டாலர் ட்ரேட்-இன்னா 1,875 டாலர் வரி மிச்சம், அப்போ வெளி ஆஃபர் 31,875-ஐத் தாண்டினாத்தான் வெளியில விக்கிறது லாபம். கலிபோர்னியாவில் முழு விலைக்கும் வரி, இந்தக் கணக்கு அங்க செல்லாது.

சொந்தத் தொழிலுக்கு வாங்கிறவங்க கவனிங்க. பாதிக்கு மேல தொழில் உபயோகம், 6,000 பவுண்டுக்கு மேல ஜிவிடபிள்யூஆர், பெட் உள்நீளம் 6 அடிக்குக் குறையாம இருந்தா செக்‌ஷன் 179-ல (வாங்கின வருஷமே விலையை வருமானத்துல கழிக்கிற வரி விதி) எஸ்யூவிக்கான உச்சவரம்பு பொருந்தாது. ஹெவி டியூட்டி பெட் எல்லாமே 6 அடிக்கு மேலதான். 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கினதுக்கு 100 சதவீத போனஸ் தேய்மானமும் திரும்ப வந்திருக்கு. இஐஎன் நம்பரோட (தொழிலுக்கான வரி எண்) டீலரோட கமர்ஷியல் பிரிவுக்கே நேரா போங்க. ஜிஎம் பிசினஸ் சாய்ஸ் மாதிரி சலுகை ஷோரூம் மேஜையில தானா வராது, நீங்கதான் கேட்கணும்.

சொந்த உபயோகத்துக்குன்னா 2025 முதல் 2028 வரை கடன் வட்டியில ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்துல கழிக்கலாம். புது வண்டி, ஜிவிடபிள்யூஆர் 14,000-க்குக் கீழ, கடைசி அசெம்பிளி அமெரிக்காவில் நடந்திருக்கணும். வருமானம் 1,00,000 டாலர், தம்பதியா சேர்ந்து தாக்கல் பண்ணா 2,00,000 தாண்டினா படிப்படியா குறையும். வின் நம்பர் 3-ல ஆரம்பிச்சா மெக்சிகோ, 2-ன்னா கனடா, ரெண்டுமே தேறாது. ராம் ஹெவி டியூட்டி மெக்சிகோவின் சால்டியோவில் தயாராகுது. சில்வராடோ ஹெவி டியூட்டி மிச்சிகனின் ஃபிளின்ட்லயும் வருது, கனடாவின் ஒஷாவாவிலும் வந்திருக்கு, அதனால ஒவ்வொரு வண்டியாப் பார்க்கணும். 14,000 சரியா இருக்கிற டியூலியும் (பின்னாடி ரெட்டைச் சக்கர டிரக்) தேறாது.

புது மெம்பர்

லாட்ல இருக்கிறதை வாங்கலாமா, ஃபேக்டரி ஆர்டர் போடலாமா அண்ணா?

கூஸ்நெக்

காத்திருக்க முடிஞ்சா ஆர்டர். லாட்ல நிறுத்தி வட்டி கட்ட வேண்டியதில்லைங்கிறதால டீலர் குறைஞ்ச லாபத்துக்கு ஒத்துக்குவார். விலையை டாலர்ல எழுதாம "இன்வாய்ஸுக்கு இவ்வளவு கீழ"ன்னு எழுதி வாங்குங்க. நடுவுல மாடல் வருஷம் மாறி விலை ஏறினாலும் உங்க தள்ளுபடி நிக்கும். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும்னும், வண்டி வந்ததும் மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் (டீலர் மேல ஏத்துற விலை) கிடையாதுன்னும் அதே தாள்ல கையெழுத்து வேணும். ஆர்டரைக் கெடுக்கிறது பெரும்பாலும் ஒரே ஒரு தட்டுப்பாடான ஆப்ஷன்தான். "இதுல எதை எடுத்துட்டா சீக்கிரம் வரும்?"னு மேனேஜரைக் கேட்டா சொல்லிடுவார்.

கணக்குப்புள்ள

கையெழுத்துப் போடுற அன்னைக்கு நைட்ரஜன் டயர், வின் எட்சிங், பெயின்ட் சீலன்ட் எல்லாம் தாள்ல முளைச்சிருக்கும். மெயில்ல வந்த கொட்டேஷனை வச்சு வரி வரியா ஒப்பிட்டு அடிக்கச் சொல்லுங்க. புது வண்டியை மூணு நாள்ல திருப்பிக் குடுக்கலாம்னு ஃபெடரல் சட்டம் எதுவும் இல்லை.

எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு அன்னைக்கே அவசரமே இல்லை. ஃபோர்டு, ஜிஎம் ரெண்டுலயும் டீசல் இன்ஜினுக்கு 5 வருஷம் அல்லது 1,00,000 மைல் இருக்கு. கம்பெனியோட அதே பிளானை வேற டீலர்கிட்ட பிறகு குறைஞ்ச விலையில வாங்கலாம். பவர்டிரெய்ன் மட்டும்னு போட்ட பிளான்ல நாக்ஸ் சென்சார், டெஃப் (புகையைச் சுத்தம் பண்ற திரவம்) ஹீட்டர் வருதான்னு படிச்சுப் பாருங்க, டீசல்ல பிறகு செலவு வைக்கிறது அதுங்கதான்.

மிட்வெஸ்ட் டீசல்

டெலிவரி எடுக்கும்போது வின் நம்பர், கதவு ஸ்டிக்கர், ரெண்டு சாவி, ட்ரெய்லர் 7-பின் சாக்கெட், டெஃப் டேங்க் எல்லாம் பாருங்க. வர வேண்டியது ஏதாவது பாக்கின்னா, டோ மிரரோ ஃப்ளோர் மேட்டோ, "வீ ஓ" (டீலர் தர வேண்டிய பாக்கி) தாள்ல எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்கிட்டு வண்டியை எடுங்க. வாய்வார்த்தையா சொன்னது அந்த சேல்ஸ்மேன் வேற டீலருக்கு மாறினதும் போயிடும்.