காட்டெருமை நிக்கலில் ஆண்டு அழிந்துவிட்டது, உதவுங்கள்

வணக்கம், கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். கப்பலில் வேலை பார்த்த தாத்தாவின் தகரப் பெட்டியில் அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசு ஒன்று கிடைத்தது, காட்டெருமை நிக்கல் என்பார்கள். 1913-இல் வந்த முதல் வடிவத்தில் காட்டெருமை ஒரு மேட்டில் நிற்கும். மேட்டின் மேலிருந்த மதிப்பு எழுத்து சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று, அதே ஆண்டிலேயே மேட்டை வெட்டி எழுத்தைப் பள்ளத்தில் இறக்கினார்கள். ஆண்டை மட்டும் மேடாகவே விட்டுவிட்டார்கள், என்ன கணக்கோ!

என்னிடம் இருப்பது இரண்டாவது வடிவம். மதிப்பு பளிச்சென்று தெரிகிறது, கீழே சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் ‘எஸ்’ முத்திரையும் உண்டு. மறுபக்கம் அமெரிக்கப் பூர்வகுடி மனிதரின் உருவத்தில், தோளில் இருக்க வேண்டிய ஆண்டுதான் வழவழவென்று கிடக்கிறது. அமிலம் வைத்தால் எண் தெரியுமாம், ஆனால் காசின் முகமே கெட்டுவிடும். எனக்கு மனசில்லை. சாய்வாக வெளிச்சம் அடித்துப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், இந்த உப்புக் காற்றில் காசுகளை எதில் போட்டு வைக்கிறீர்கள்?