புதுப்பிப்பு: ஐடின் எண்ணும் ஐ-9 படிவமும்

அமெரிக்காவில் குடியேற்ற ஆவணமில்லாத கல்லூரி மாணவர்களின் வேலைவாய்ப்பு பற்றி முன்பு எழுதியபோது, "ஐடின் எண் வாங்கி வரி கட்டுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். பலர் சிக்குவது அங்கேதான். ஐடின் என்பது, சமூகப் பாதுகாப்பு எண் பெற முடியாதவர்களுக்கு அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தரும் வரி எண்.

அதற்கான விண்ணப்பமான டபிள்யூ-7 படிவத்தைப் பொதுவாக வரிக் கணக்குடன் சேர்த்தே அனுப்ப வேண்டும். நோட்டரி முத்திரை குத்திய பாஸ்போர்ட் நகல் செல்லாது. அசல் வேண்டும், அல்லது வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல். தபாலில் அனுப்பத் தயக்கமென்றால், ஐஆர்எஸ் அங்கீகரித்த சான்றளிப்பு முகவரிடம் நேரில் காட்டுங்கள், பாஸ்போர்ட் கையோடு திரும்பிவிடும். தொடர்ந்து 3 ஆண்டு வரிக் கணக்கில் பயன்படுத்தாவிட்டால் எண் காலாவதியாகும்.

2025 ஏப்ரலில் ஐஆர்எஸ், குடியேற்றத் துறையுடன் தகவல் பகிர ஒப்பந்தம் போட்டது. ஆகவே புதிதாக விண்ணப்பிப்பவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தின் முதல் கட்டம் "அமெரிக்கக் குடிமகன்". அவசரத்தில் அங்கே டிக் அடித்தால், பின்னாளில் திருமணம் வழியாக கிரீன் கார்டு வாய்ப்பு வந்தாலும் அந்த ஒரு டிக்கே தடையாகும்; விலக்கு அநேகமாகக் கிடையாது. ஐடின் எண் வரிக்கு மட்டுமே, வேலை அனுமதி ஆகாது.

கலிஃபோர்னியாவில் ஒரு நல்ல வழி: 2014 சட்டப்படி, தொழில்முறை உரிமத்துக்கு ஐடின் எண்ணையே ஏற்கிறார்கள்.