ஹடீடா பறவையின் தோள் மினுமினுப்பைத் தஞ்சாவூர்ப் பலகையில் கொண்டுவர முடியுமா?

மாமரத்தடி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி இங்கே வந்து 19 வருஷம். ஊரில் கற்றுக்கொண்ட தஞ்சாவூர் ஓவியத்தை மட்டும் விடவில்லை. வெண்ணெய்க் கிருஷ்ணன், கஜலட்சுமி, வள்ளி தெய்வானையோடு முருகன் என்று ஆர்டர் வரும். தைப்பூசக் காவடி நெருங்கினால் முருகனைத் தவிர வேறு யாரையும் வரைய நேரமிருக்காது.

போன டிசம்பரிலிருந்து புத்தி ஒரு பறவை மேல் போய்விட்டது. ஹடீடாதான். சிரிக்காதீர்கள். இந்த ஊரில் எல்லோரும் திட்டுகிற பறவை என்று எனக்கும் தெரியும், நானும் திட்டியவள்தான்.

ஒரு நாள் விடிகாலை துணி காயப்போடப் போனேன். இரவு மழை பெய்திருந்தது. மாமரத்தடிப் புல்லில் ஒன்று அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. தூரத்தில் பார்த்தால் நனைந்த கோணிச்சாக்கு நிறம், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. வெயில் சுவர் மேல் ஏறியதும் அது அரைவட்டம் திரும்பியது. தோளில் பச்சை. இன்னும் இரண்டடி நடந்தது, அதே இடம் ஊதா. இன்னொரு அடி வைத்ததும் பழைய செம்புக்குடம் மாதிரி ஒரு மங்கல். பிறகு ஒன்றுமே இல்லை, மறுபடி கோணிச்சாக்கு. துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை.

அதிலிருந்து மூன்று பலகை வீணாகிவிட்டது. தோளில் தங்க ரேக்கு ஒட்டினேன், நகை போட்ட கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. பச்சை தீட்டினால் கிளி. பச்சையும் ஊதாவும் கலந்து தீட்டினால் சேறு. போனில் படம் எடுத்தால் ஒரு நிறம்தான் வருகிறது. எனக்கு வேண்டியது அந்த மாறுதல். படத்துக்கு முன்னால் ஆள் நடந்தால் நிறமும் நடக்க வேண்டும். யாருக்காவது வழி தெரியுமா?

தூக்கம் போச்சு (ஃபீனிக்ஸ்):

அக்கா, டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடுகிறது. இவர் அதற்கும் முன்னால் எழுந்து என் ஜன்னலுக்கு மேலே ‘ஹா ஹா ஹடீடா’ போடுகிறார். உயரத்தைக் கண்டால் பயம், அதனால்தான் பறக்கும்போதெல்லாம் அலறுகிறது என்று இங்கே ஒரு ஜோக் உண்டு. நீங்கள் வரையுங்கள். சத்தம் வராத ஹடீடா என்றால் ஒன்று நானே வாங்கிக்கொள்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

அம்மா, நீ பார்த்தது சரி. பச்சை, ஊதா என்று அந்த இறகில் சாயம் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது கருநிறம் தரும் மெலனின்தான். அது மிக நுண்ணிய அடுக்காக அமைந்திருப்பதால், ஒளி படும் கோணத்தைப் பொறுத்து ஒவ்வொரு நிறம் திரும்பி வருகிறது. சோப்புக் குமிழியில் சாயமா கரைத்திருக்கிறார்கள்? அந்த மாதிரிதான். அதனால் எந்த டப்பாவைத் திறந்தாலும் அந்த நிறம் கிடைக்காது.

இன்னும் சில விஷயங்கள், படத்துக்கு உதவலாம். மேல் அலகில் அடியிலிருந்து பாதி தூரம் சிவப்பு ஓடும், கன்னத்தில் வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. இரண்டையும் விட்டுவிடாதே. அலகு நுனியில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. மண்ணுக்குள் புழு நெளியும் அதிர்வை அவற்றால் உணர்ந்துகொள்கிறது, ஈர மண்ணில் அது இன்னும் எளிது. மழை விட்ட காலையில் உன் தோட்டத்துக்கு வந்தது அதனால்தான். குத்துவதற்கு முன்னால் தலையைத் தாழ்த்திக் கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்கிற மாதிரி நிற்கும், பார்த்திருப்பாய். நான் வரைபவனாக இருந்தால் அந்த நிலையைத்தான் எடுப்பேன்.

நம் மொழியில் இதன் இனத்துக்கே அரிவாள் மூக்கன் என்று பெயர். சங்கப் பாட்டில் ஜோடியாக இருந்து இரவில் கூவுகிற வளைந்த அலகு அன்றிலும் இந்த இனம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அங்கே பிரிவுத் துயரம், இங்கே தூக்கம் போச்சு தம்பியின் துயரம்.

பாவும் ஊடையும் (ஜோகன்னஸ்பர்க்):

அக்கா, எனக்குத் திருபுவனம், உங்களுக்குப் பக்கத்து ஊர். வேலை கம்ப்யூட்டரில், ஆனால் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பீரோவிலேயே இருக்கும். மயில்கழுத்துப் புடவை இருக்கிறதா? எடுத்து ஒரு மடிப்பை அசைத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம். நீலத்தையும் பச்சையையும் அங்கே யாரும் கலக்கவில்லை. இரண்டு நூலும் தனித்தனியாகக் கிடக்கின்றன, புடவை திரும்பும்போது ஒரு நேரம் இது தெரியும், ஒரு நேரம் அது தெரியும்.

நீங்கள் கலந்தீர்கள், சேறாயிற்று. கலக்காதீர்கள். பசைக் குழம்பால் பலகையில் புடைப்பாக எழுப்புகிற மக்கு வேலை உங்களிடம்தான் இருக்கிறதே! தோள் இறகுகளை மக்கால் மெல்லிய வரப்பு வரப்பாக எழுப்பி, ஒவ்வொரு வரப்புக்கும் இடது சரிவில் பச்சை, வலது சரிவில் ஊதா தீட்டிப் பாருங்கள். இந்தப் பக்கம் நிற்பவருக்குப் பச்சை, அந்தப் பக்கம் போனவருக்கு ஊதா.

இன்னொன்று, கோணத்துக்கு நிறம் மாறும் மைக்கா தூள் ஓவியக் கடைகளில் கிடைக்கும். அதை வெள்ளைத் தளத்தில் பூசினால் சரியாகத் தெரியாது. அடியில் கருப்பு கொடுத்து மேலே மெல்லிசாகப் பூசுங்கள்.

மாமரத்தடி:

தம்பி, கல்யாணப் புடவையே மயில்கழுத்துதான்! 19 வருஷமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு மூன்று பலகையைப் பாழாக்கியிருக்கிறேன்.

இரண்டு வாரம் முயற்சி செய்தேன். முதல் தடவை மக்கைக் கெட்டியாக வைத்துவிட்டேன். இங்கத்திய காற்றின் ஈரத்தில் மேலே காய்ந்து உள்ளே காயாமல், மூன்றாம் நாள் வரப்பெல்லாம் வெடித்தது. அடுத்த தடவை நீர்க்கக் கரைத்து, பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ஷால் ஐந்து தடவை, ஒன்று காய்ந்த பிறகு ஒன்று. வரப்பு ஒரு நெல்மணி உயரம்கூட இல்லை. மேலே கருப்பு, அப்புறம் சரிவுக்கு ஒரு நிறமாக மைக்கா. கண் வலித்துவிட்டது.

ஐயா சொன்னபடி தலை தாழ்த்தி ஒட்டுக்கேட்கிற நிலையில்தான் வைத்திருக்கிறேன். தங்க ரேக்கு உடம்பில் எங்கும் இல்லை, காலடியில் நனைந்த புல்லுக்கு மட்டும் கொஞ்சம்.

நேற்று பலகையைச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அத்தை ரசச் சட்டியோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனவர், நின்று, இரண்டடி பின்னால் வந்தார். மறுபடி முன்னால் போனார். ரசம் தரையில் சிந்தியது. “ஏண்டி, இது அந்தக் கத்துற சனியன்தானே?” என்றார்.

செம்பு நிறம் இன்னும் பிடிபடவில்லை. வரப்பின் உச்சியில் வைக்கலாமா, அடியிலா?

பாவும் ஊடையும்:

உச்சியில் வேண்டாம் அக்கா, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிந்துவிடும். பள்ளத்தில் வையுங்கள், நேராக நிற்பவருக்கு மட்டும் கிடைக்கட்டும்.

தூக்கம் போச்சு:

நான் கேட்ட ஹடீடா எப்போது தயார்?