கனடாவின் மார்க்கம் (Markham) நகரில் ‘வீவா’ பேருந்தில் பயணிக்கும் உறவுகளிடம் ஓர் உதவி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் நான், ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள யோர்க் பிராந்தியத்தில் 2005இல் தொடங்கப்பட்ட ‘வீவா’ விரைவுப் பேருந்துச் சேவையைப் பற்றி ஒரு பாடம் தயாரித்து வருகிறேன். நெடுஞ்சாலை 7இன் சில பகுதிகளில் வீதியின் நடுவே பேருந்துகளுக்கு மட்டுமெனத் தனித்தடம் அமைக்கப்பட்டிருப்பதையும், ஏறுமுன்பே தரிப்பிடத்தில் கட்டணம் செலுத்தப்படுவதையும் வாசித்து அறிந்துள்ளேன். ஆனால், காங்கேசன்துறை வீதியில் மினிபஸ்ஸின் மிதிபலகையில் தொங்கியபடி, மிச்சக்காசுக்காக நடத்துநரின் கையையே பார்த்துக்கொண்டு பயணிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு வெறும் வரைபடத்தால் இதை விளங்கப்படுத்த முடியாது.

ஆகவே, அங்கு வசிப்பவர்கள் அனுபவத்திலிருந்து கூறுங்கள்: நடத்துநர் இல்லாத பேருந்தில் கட்டணம் செலுத்தியதை யார், எத்தனை தடவை பரிசோதிக்கிறார்கள்? பனி கொட்டும் நாளில் நடுவீதித் தரிப்பிடத்துக்கு வயோதிபர்கள் எவ்வாறு கடந்து செல்கிறார்கள்? வீதியின் நடுவே தனித்தடம் இருப்பதால், எதிர்ப்பக்கக் கடைக்குப் போகும் வாகனம் சமிக்ஞை விளக்குள்ள சந்திவரை சென்றே திரும்பவேண்டியிருப்பதைக் கடைக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்களா? (எங்கள் ஊரில் இந்த ஒன்றுக்கே மறியல் நடக்கும்.)

பேருந்துக்கான சிவப்புத் தடமும் தரிப்பிடமும் சேர்ந்து தெரியும்படி நீங்களே எடுத்த ஒளிப்படம் இருந்தால், வகுப்பில் காட்டுவதற்கு அனுமதி தந்து உட்பெட்டியில் அனுப்பிவைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.